உச்சிமாகாளியின் வலது கண்

மேலகரத்தில் உச்சிமாகாளியைத் தெரியாதவர்கள் குறைவு. அவர் கையால் அடி வாங்கியவர்களும் அங்கே உண்டு. பீரங்கிப் படையில் இருந்து ஓய்வுபெற்று ஊர் வந்தவர், குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் மேற்பார்வையாளராகச் சேர்ந்தார். மேற்பார்வை என்பது மரியாதைக்கு வைத்த பெயர். சீசன் நாட்களில் குடித்துவிட்டுக் கதவை உடைப்பவர்களையும், அடுத்த அறைப் பெண்களிடம் வம்புக்குப் போகிறவர்களையும் தூக்கி வெளியே போடுவதுதான் அவர் வேலை.

அந்த வேலைக்கு அவர் தேவைக்கு மேலேயே பொருத்தமாக இருந்தார் என்று முதலாளி சொல்வார். ஒரு ஜூலை மத்தியானம், சாரலில் நனைந்து வந்த ஒருவன் போதையில் பீர் பாட்டிலை உடைத்துக்கொண்டு வரவேற்பறைக்குள் பாய்ந்தான். உச்சிமாகாளி அவன் மணிக்கட்டைப் பிடித்துத் திருகினார். பாட்டில் கீழே விழுந்தது. அதோடு விட்டிருக்கலாம். அவர் விடவில்லை. எலும்பு முறிந்த சத்தம் மாடிவரை கேட்டது. அவன் தரையில் புரண்டு கத்தியபோது, காய்கறிக் கடையில் நிற்பவரைப் போல அவனைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டிலும் இருந்தது அதே கைதான். ஊர் திரும்பிய புதிதில் ஒரு நாள், தூங்கிக்கொண்டிருந்தவரை மனைவி நிர்மலாதேவி தோளைத் தொட்டு எழுப்பினாள். கண் விழிப்பதற்குள் கை வீசிவிட்டது. அன்றிலிருந்து அவளுக்கு இடது காது சரியாகக் கேட்பதில்லை. அவர் அதற்குப் பிறகு அவள் படுக்கும் அறையில் படுத்ததே இல்லை. கூடத்தில், வாசல் பக்கம் தலைவைத்துப் படுப்பார். அவள் அங்கன்வாடியில் வேலை பார்த்தாள். காது எப்படிப் போனது என்று கேட்ட குழந்தைகளிடம் காதில் எறும்பு போய்விட்டது என்று சொல்லி வைத்திருந்தாள்.

வானம் பார்க்கிற பழக்கம் ராணுவத்தில் ஒட்டிக்கொண்டது. மரமே இல்லாத ஒரு வடக்கத்தி மலை உச்சியில் காவலுக்கு நிறுத்தியிருந்தார்கள். எதிரே எல்லை. அங்கே குண்டு விழுந்து பக்கத்தில் நின்றவன் துண்டு துண்டாகப் போன பிறகும் காவல் இருந்தது. அடுத்த நாளும் இருந்தது. பார்ப்பதற்கு நட்சத்திரங்களைத் தவிர வேறு எதுவும் இல்லாததால் அவற்றைப் பார்த்தார். பெயர்கள் பிறகுதான் தெரிந்தன.

ஊருக்கு வந்து பல வருஷம் கழித்து இணையத்தில் ஒரு டெலஸ்கோப் வாங்கினார். அறுநூறு மடங்கு பெரிதாகக் காட்டும் என்று பெட்டியில் அச்சடித்திருந்தது. மொட்டை மாடியில் நிறுத்தி நிலாவைப் பார்த்தார், அது பரவாயில்லை. சனியைத் தேடினார். தேடிப் பிடித்தபோது அது கொதிக்கிற எண்ணெயில் விழுந்த கடுகு மாதிரித் துள்ளியது. திருகாணியைத் தொட்டால் துள்ளல், விட்டால் துள்ளல், காற்றடித்தால் ஆளே காணோம். நாலாவது நாள் அதை ஓங்கி உதைத்தார். மூன்று கால்களில் ஒன்று கைப்பிடிச் சுவரைத் தாண்டித் தெருவில் போய் விழுந்தது.

மறுநாள் பாளையங்கோட்டையில் இருந்த பால்வண்ணநாதன் என்பவருக்குப் போன் செய்தார். பத்திரிகையில் வந்திருந்த எண் அது. பால்வண்ணநாதன் நெடுங்காலமாக வானம் பார்க்கிறவர்.

"அறுநூறு மடங்குன்னு போட்டிருந்தான் சார். ஆடுத ஆட்டத்துல ஒதைச்சே ஒடச்சிட்டேன்."

"மடங்கைக் காட்டித்தான் எல்லாரையும் ஏமாத்துதான் அண்ணாச்சி. கண்ணாடி எவ்வளவு அகலம்னு கேளுங்க. அகலம் கூடுனாத்தான் வெளிச்சத்த அள்ளும். அடுத்தாப்ல, அது எது மேல நிக்குதுன்னு பாருங்க. ஒங்க பெருமூச்சுக்கே ஆடுத ஸ்டாண்டுல எத வச்சும் பிரயோசனமில்ல."

"தானாத் திரும்புத மாதிரி மோட்டார் வச்சதெல்லாம் இருக்காமே?"

"அது ஒமக்கு வேண்டாம். கோவக்காரர் மாதிரித் தெரியுது. மோட்டார் மக்கர் பண்ணுனா அதையும் ஒதைப்பீரு."

உச்சிமாகாளி சிரித்துவிட்டார். அவர் சிரித்த சத்தம் கேட்டு நிர்மலாதேவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

இரண்டாவதாக வந்தது நாலடி நீளக் குழாய். அடியில் ஆறு அங்குல அகலத்தில் குழிந்த கண்ணாடி. கீழே மூன்று கால் கிடையாது. கனத்த பலகைகளால் ஆன பெட்டி போன்ற பீடம். கையால் தள்ளினால் சுற்றும், ஏறும், இறங்கும், விட்ட இடத்தில் நிற்கும். பக்கவாட்டில் குறி பார்க்க ஃபைண்டர் என்று ஒரு சின்னக் குழாய். உச்சிமாகாளிக்கு அது கைக்கு உடனே பழகிவிட்டது. பீரங்கியைப் போலவே இருந்தது, சத்தம்தான் இல்லை.

ஜனவரிக்கு மேல் தென்காசிப் பக்கம் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். வெயில் இறங்கியதும் குழாயை மாடிக்குக் கொண்டுபோய் வைத்துவிடுவார், கண்ணாடியின் சூடு ஆற வேண்டும். ஆறாத கண்ணாடியில் எதைப் பார்த்தாலும் கானல் போல அலையும். கண் வைத்துப் பார்க்கிற இடத்தில் முதலில் குறைந்த பெருக்கம் உள்ள கண்வில்லையைப் போட்டு இடத்தைப் பிடிப்பார், பிறகுதான் பெருக்கம் கூடியது. வியாழனும் அதன் பக்கத்தில் வரிசையாக நிற்கும் நாலு நிலாக்களும் முதல் தடவை அசையாமல் தெரிந்தபோது, "ஏட்டி, நிர்மலா! இங்கன வா, ஓடியா!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினார். அவள் குனிந்து பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு" என்றாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: "இதுட்ட நிக்கையில மட்டும்தான் ஒங்க கை சும்மா இருக்கு."

அந்த வருஷம் அவர் யாரையும் அடிக்கவில்லை, பிப்ரவரி வரைக்கும்.

எதிர் வரிசையில், இரண்டு வீடு தள்ளிக் கிழக்கே பலவேசத்தின் வீடு. பலவேசம் தென்காசியில் உரக்கடை வைத்திருந்தார். மனைவி பாலம்மாள். மகன் அருண்பாண்டி போலீஸ் தேர்வுக்குப் படித்துக்கொண்டு, விடிகாலையில் குற்றாலம் ரோட்டில் ஓடுகிறவன். மகள் சுகந்தி நர்சிங் கடைசி வருஷம். அந்த வீட்டுக்கு நேர் பின்னால், வயலுக்கு அப்பால், ஒரு செல்போன் டவர் நின்றது.

டவர்தான் வினையானது. ஃபைண்டரும் பெரிய குழாயும் ஒரே புள்ளியைப் பார்க்கும்படி திருகாணிகளைச் சரிசெய்ய வேண்டும். அதை வெளிச்சம் இருக்கும்போதே, தூரத்தில் அசையாமல் நிற்கிற ஒன்றைப் பார்த்துச் செய்வதுதான் சுலபம். மேற்கே மலை, அதன் மேல் சூரியன். அந்தப் பக்கம் குழாயைத் திருப்பினால் கண் பொசுங்கிவிடும். ஆகவே கிழக்கே, டவரின் உச்சியில் இருக்கிற சிவப்பு விளக்கைப் பார்த்துச் சரிசெய்வார். தெருவில் நிற்பவர்களுக்கு விளக்கு தெரியாது. குழாயின் வாய் பலவேசம் வீட்டைப் பார்த்து இருப்பதுதான் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அருண்பாண்டியின் போனுக்கு ஒரு வீடியோ வந்தது. எவனோ எவனுக்கோ அனுப்பி, கைமாறி வந்தது. அவன் தங்கச்சி குளிக்கிற வீடியோ.

அவன் முகத்தை மட்டும் பார்த்தான். மேற்கொண்டு பார்க்க முடியவில்லை. போனை வைத்துவிட்டு நேரே அடுப்படிக்குப் போய் சுகந்தியின் முடியைப் பிடித்து இழுத்தான். "ஏட்டி, யாருட்ட காட்டுன? எவன் அவன்?" என்று கேட்டுக் கேட்டு அறைந்தான். அவள் உதடு கிழிந்தது. அவள் என்ன என்று புரிந்துகொள்வதற்குள் இடுப்பில் உதை விழுந்தது. குறுக்கே வந்த பாலம்மாளைச் சுவரில் தள்ளினான். பலவேசம் விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். ஒருவரும் வீடியோவை முழுதாகப் பார்க்கவில்லை. பார்க்க அவர்களுக்குக் கூசியது.

அருண்பாண்டியின் கூட்டாளி சந்தோஷ்குமார் சாயங்காலம் வந்தான். வீடுகளுக்குக் கேமரா மாட்டுகிற தொழில் அவனுக்கு. போன மாதம் பலவேசம் வீட்டிலும் அவன்தான் மாட்டிக் கொடுத்திருந்தான். அழுதுகொண்டிருந்த நண்பனை மாடிக்கு அழைத்துப்போய்க் கையை நீட்டினான்.

"அங்கன பாருலே. மிலிட்டரி என்னத்தப் பாக்குதான்?"

உச்சிமாகாளி குனிந்து கண்வில்லையில் கண்ணை வைத்திருந்தார். குழாய் அவர்களைப் பார்த்தே நின்றது.

நாலு பேர் வந்தார்கள். அருண்பாண்டி, சந்தோஷ்குமார், இன்னும் இரண்டு பையன்கள். வாசலில் நிர்மலாதேவி யார் என்று கேட்பதற்குள் மாடிப்படி ஏறிவிட்டார்கள். சூரியன் மலைக்குப் பின்னால் போய், வானத்தில் இன்னும் வெளிச்சம் மிச்சம் இருந்தது.

"ஏலே! எங்க வீட்டுப் பிள்ளைய எத்தன நாளா பாத்துக்கிட்டு இருக்க?"

உச்சிமாகாளி நிமிர்ந்தார். "என்னலே சொல்லுத?"

"நடிக்கான்லே," என்று கத்திய சந்தோஷ்குமார், கையிலிருந்த இரும்புக் கம்பியால் முதல் அடியைக் குழாயின் மேல் போட்டான். தகரம் ஒடுங்கியது. இரண்டாவது அடியில் குழாய் பீடத்திலிருந்து கழன்று தளத்தில் விழுந்தது. உள்ளே கண்ணாடி நொறுங்குகிற சத்தம் கேட்டது.

அந்தச் சத்தத்துக்குப் பிறகு உச்சிமாகாளி யார் பேச்சையும் கேட்கவில்லை. கிட்டே நின்ற பையனின் மூக்கில் நெற்றியால் முட்டினார். இன்னொருவனைத் தொண்டையில் குத்தினார். அவன் மூச்சுத் திணறிப் படியில் உருண்டான். சந்தோஷ்குமார் கம்பியைப் போட்டுவிட்டு ஓடினான். அந்தக் கம்பியை அருண்பாண்டி எடுத்தான். இரண்டு கையாலும் பிடித்து, பக்கவாட்டில் வீசினான்.

கம்பி அவர் வலது கண்ணில் பட்டது.

வலி உடனே தெரியவில்லை என்று அவர் பிற்பாடு சொன்னார். கன்னத்தில் வெதுவெதுப்பாக ஏதோ வழிந்தது, பாதி உலகம் அணைந்தது, அவ்வளவுதான். அவர் குனிந்து பீடத்தின் பக்கப் பலகை ஒன்றைப் பிடுங்கினார். எங்கே அடித்தால் ஒரு மனிதன் மறுபடி எழுந்திருக்க மாட்டான் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அருண்பாண்டியின் வலது முழங்காலில் பலகையின் விளிம்பை இறக்கினார். அவன் விழுந்தான். விழுந்த காலிலேயே மறுபடி இறக்கினார். மறுபடியும்.

"போதும்! ஏங்க, போதும்! சின்னப் பையன்!"

நிர்மலாதேவி ஓடிவந்து அருண்பாண்டியின் மேல் குப்புற விழுந்தாள். பலகை அவள் தலைக்கு மேலே உயர்ந்து நின்றது. அவர் ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்தார். அவள் யார் என்று அடையாளம் தெரிய அவருக்கு நேரம் பிடித்தது. அவளுக்கும் அது தெரிந்தது, ஆனாலும் எழுந்திருக்கவில்லை. பிறகு பலகை கையிலிருந்து நழுவியது. அவர் உட்கார்ந்தார்.

இரண்டு பேரையும் ஒரே ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போனார்கள். கண் உள்ளேயே கிழிந்துபோய்விட்டது, எடுத்தாக வேண்டும் என்றார் சமீனா என்ற கண் டாக்டர். எடுத்தார்கள். அருண்பாண்டியின் முழங்கால் சில்லு துண்டு துண்டாகிவிட்டது. கம்பி வைத்துக் கட்டினார்கள், இனி மடக்க வராது என்றார்கள். போலீஸ் வேலைக்கு ஓடிப் பழகிய கால். இரு தரப்பு மீதும் வழக்குப் பதிவானது.

சுகந்தி வீங்கிய உதட்டோடு அண்ணனுக்குக் கஞ்சி கொண்டுவந்தாள். மூன்றாம் நாள் அப்பாவும் அம்மாவும் கட்டிலருகே இருக்கும்போது, அண்ணனின் போனை எடுத்து அந்த வீடியோவைப் போட்டு அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"பாரு."

"எடுத்துட்டுப் போ சுகந்தி."

"பாக்கணும். எனக்கில்லாத வெக்கம் ஒனக்கு எதுக்கு? இதுல கதவோட உள்பக்கம் தெரியுதா? எதுத்தாப்ல வென்டிலேட்டர் தெரியுதா? வெளிய மாடியில இருந்து எடுத்தா வென்டிலேட்டர் எப்படி எதுத்தாப்ல தெரியும்? இது உள்ளக்குள்ள, மேல இருந்து எடுத்தது. வயர் போட ஓட்டை போட்டது யாரு? ஒன் கூட்டாளிதான?"

அருண்பாண்டி அப்போதுதான் திரையைப் பார்த்தான்.

"அன்னைக்கே சொல்லியிருப்பேன். யாரும் என்ட்ட கேக்கல. நீ கேட்டுக்கிட்டே அடிச்ச, சொல்ல விடல."

அவன் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான். அவள் பெண்கள் பகுதியைத் தாண்டி, கண் நோயாளிகள் இருந்த அறைக்குப் போனாள். நிர்மலாதேவியின் நல்ல காதுப் பக்கம் குனிந்து எல்லாவற்றையும் சொன்னாள். அங்கிருந்து நேரே காவல் நிலையத்துக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தாள்.

சந்தோஷ்குமார் அதற்குள் தலைமறைவாகிவிட்டான். போலீஸ் தேடிக்கொண்டிருந்தது, தெருப் பையன்கள் அதற்கு முன்னால் கண்டுபிடித்தார்கள். புளியறை செக்போஸ்ட் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில், கேரளா போகிற லாரிக்காகக் காத்திருந்தவனை பைக்கில் நடுவே உட்காரவைத்துக் கொண்டுவந்தார்கள். தெருமுனையில் லைட் கம்பத்தில் கட்டினார்கள். காலை நேரம். பால் வாங்க வந்தவர்கள் பாத்திரத்தோடு நின்றார்கள். பலவேசம் செருப்பைக் கழற்றி அடித்தார். போன வாரம் உச்சிமாகாளியின் வீட்டு வாசலில் காறித் துப்பியவர்களும் அங்கே இருந்தார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து முந்தின நாள்தான் வீட்டுக்கு வந்திருந்த உச்சிமாகாளியை ஆள் அனுப்பிக் கூட்டி வந்தார்கள். கண்ணில் பெரிய கட்டு. கூட்டம் விலகி வழிவிட்டது.

"ஒரு அடி நீங்க குடுங்க அண்ணாச்சி. ஒங்களுக்குத்தான் பாத்தியத."

சந்தோஷ்குமாரின் ஒரு புருவம் ஏற்கெனவே பிளந்திருந்தது. அவன், "அண்ணாச்சி, அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னான்.

உச்சிமாகாளி அடித்தார். மறைக்க ஒன்றுமில்லை, அடித்தார். முழுப் பலத்தோடு, தாடையில். பல் தெறித்துப் பால் பாத்திரம் ஒன்றில் விழுந்தது. கூட்டம் ஆரவாரம் செய்தது. அந்த ஆரவாரத்தில் இன்னும் நாலைந்து பேர் கம்பும் கல்லுமாக முன்னால் வந்தார்கள். கட்டப்பட்டிருந்தவனின் கால்சட்டை நனைந்து ஒழுகியது.

அப்போது சுகந்தி வந்தாள். ஓடிவரவில்லை, நடந்துதான் வந்தாள். காதில் போன் இருந்தது. காவல் நிலையத்தோடு பேசிக்கொண்டே வந்திருக்கிறாள். கூட்டத்துக்குள் புகுந்து கம்பத்துக்கு முன்னால் நின்றாள்.

"ஆருக்காக அடிக்கிய?"

"ஒனக்காகத்தான் பிள்ள."

"எனக்காக மொதல்ல என்னைய அடிச்சிய. அப்புறம் மிலிட்டரி மாமாவ அடிச்சிய. இவன் செத்துட்டான்னா கேஸே போயிரும். அப்புறம் அந்த வீடியோ எங்கெங்க போச்சுன்னு யாரு வாயில இருந்து வாங்க? இவன் உசிரோட கோர்ட்டுல வந்து நிக்கணும் எனக்கு."

யாரோ பின்னாலிருந்து கல்லை எறிந்தார்கள். அது அவளைத் தாண்டிக் கம்பத்தில் பட்டது. உச்சிமாகாளி அவள் பக்கத்தில் போய், முதுகைச் சந்தோஷ்குமாருக்குக் காட்டி, கூட்டத்தைப் பார்த்து நின்றார். "இனி எறியுதவன் முன்னால வந்து எறியட்டும்" என்றார். அவர் கை எப்படிப்பட்டது என்று எல்லோருக்கும் தெரியும். அடுத்த கல் அவர் தோளில் பட்டது; குனிந்து பார்க்கவில்லை. ஜீப் வருகிற வரைக்கும் அப்படியே நின்றார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டிருந்தார். அடிக்க வேண்டும் போல் இருந்ததா, பயமா என்று கேட்டால், தெரியவில்லை என்கிறார்.

சந்தோஷ்குமாரின் கம்ப்யூட்டரில் இன்னும் பல வீட்டுப் பெண்களின் வீடியோக்கள் கிடைத்தன. அவன் சிறையில் இருந்தான், ஜாமீனில் வந்தான், வழக்கு நடக்கிறது. சுகந்தி படிப்பை முடித்துக் கோயம்புத்தூரில் வேலைக்குப் போய்விட்டாள். கல்யாணம் கெட்டுப்போகும், சாட்சி சொல்லாதே என்று சொந்தக்காரர்கள் வந்து பேசியபோது, அவர்கள் குடித்த காபி டம்ளரைக் கழுவிவைத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாளாம்.

லாட்ஜ் வேலை போய்விட்டது. உச்சிமாகாளி எட்டொன்பது மாதம் மாடிக்கே ஏறவில்லை. ஐப்பசி மழை விட்ட பிறகு ஒரு நாள் அவரே பால்வண்ணநாதனுக்குப் போன் செய்து, தோள் முன்னைப் போல இல்லை, கனமானதைத் தூக்க முடியாது என்றார். மேஜைமேல் வைத்துப் பார்க்கிற குட்டையான ஒன்றைப் பால்வண்ணநாதன் சொன்னார். கண்ணாடி ஐந்து அங்குலம். இடது கண் அதுவரை டெலஸ்கோப்பில் வைத்தே பார்க்காத கண். மங்கலான ஒன்றைப் பார்க்க நேராக உற்றுப் பார்க்காமல் கொஞ்சம் ஓரத்தில் பார்க்க வேண்டும்; வலது கண்ணுக்குத் தானாக வந்திருந்த அந்த வித்தையை உச்சிமாகாளி இடது கண்ணுக்குப் புதிதாகச் சொல்லிக் கொடுத்தார். மெதுவாகத்தான் வந்தது.

அது வந்திறங்கிய வாரம் நிர்மலாதேவி ஒரு காரியம் செய்தாள். தெருவில் உள்ள பெண்களை எல்லாம் சாயங்கால வெளிச்சத்தில் மாடிக்குக் கூப்பிட்டாள். "என்ன தெரியுதுன்னு நீங்களே பாருங்க" என்றாள். வரிசையாக வந்து குனிந்தார்கள். டவர் தலைகீழாகத் தொங்கியது. காக்கை ஒன்று தலைகீழாக உட்கார்ந்திருந்தது. சிலர் சிரித்தார்கள். கடைசியாக வந்த பாலம்மாள் வெகுநேரம் பார்த்தாள். எழுந்தபோது அழுதுகொண்டிருந்தாள். அப்படியே படியிறங்கிப் போனாள்.

அடிதடி வழக்கு தனியாக நடக்கிறது. இரு தரப்பும் குற்றம் சாட்டப்பட்டவர்கள், இரு தரப்பும் சாட்சிகள். வாய்தா நாட்களில் உச்சிமாகாளியும் அருண்பாண்டியும் ஒரே பஸ்ஸில் தென்காசிக்குப் போக நேரும். ஒருவர் முன்வாசலில் ஏறினால் மற்றவன் பின்வாசலில் ஏறுவான். போன வாய்தாவுக்கு பஸ்ஸில் கூட்டம். இருந்த ஒரே இடம் உச்சிமாகாளிக்கு வலது பக்கத்து இருக்கைதான். அருண்பாண்டி மடங்காத காலை நடைபாதையில் நீட்டி உட்கார்ந்தான். பஸ் வளைவில் திரும்பியபோது அவன் ஊன்றுகோல் நழுவி அவர் காலடியில் விழுந்தது. அந்தப் பக்கம் அவருக்குத் தெரியாது. அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவனால் குனிய முடியவில்லை. இரண்டு ஸ்டாப் போன பிறகு அவன் மெதுவாகச் சொன்னான்:

"அண்ணாச்சி, கம்பு விழுந்துட்டு."

அவர் முகத்தை முழுக்கத் திருப்பி, தரையில் தேடி, எடுத்துக் கொடுத்தார். அவன் வாங்கிக்கொண்டான். கோர்ட் ஸ்டாப் வந்தது. இறங்கும்போது அவன் முதலில் இறங்கட்டும் என்று அவர் எழுந்து நின்று, பின்னாலிருந்து தள்ளியவர்களைக் கையை விரித்துத் தடுத்துக்கொண்டார்.